சியம் ரீப்பில் இரண்டு வாரத் தன்னார்வப் பணி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கம்போடியாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி மூலமாக ஜனவரியில் சியம் ரீப் போய் வந்தேன். இரண்டு வாரத்துக்கு 640 டாலர், விமான டிக்கெட் தனி. பெயர் சொல்லவில்லை, இதே மாதிரி நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தங்குமிடத்தில் குறையே இல்லை. 2023இல் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி இருக்கிறது, ராத்திரி பதினொரு மணிக்கு இறங்கிய எனக்காக வண்டி காத்திருந்தது. சைவம் என்று சொன்னதும் சமைக்கிற அக்கா மீன் சாஸ் சேர்க்காமல் தனிச் சட்டியில் வதக்கிக் கொடுத்தார், அந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. 5க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன்.

பிரச்சினை வகுப்பில்தான். அங்கே அரசுப் பள்ளி பெரும்பாலும் அரை நாள், ஒரு பிரிவு காலையில், இன்னொன்று மதியம். மீதி நேரத்தில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் மாற்றாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு இந்த இலவச வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். முதல் நாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் நிறங்களின் பெயர்கள். நாலு பக்கம் தள்ளி மறுபடியும் நிறங்கள், வேறு பேனா, வேறு யாரோ போட்ட சரி குறி. எண்ணிப் பார்த்தால் ஐந்து தடவை. இரண்டு வாரத்துக்கு ஒருவர் புதிதாக வருகிறார், முன்னால் வந்தவர் எங்கே விட்டார் என்று சொல்ல ஆள் இல்லை, அவரும் நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறார். என் பையிலும் நிற அட்டைகள்தான் இருந்தன, வெளியே எடுக்க மனம் வரவில்லை.

இத்தனைக்கும் அந்த வகுப்புக்கு உள்ளூர் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் 'நெக் க்ரூ' என்று கூப்பிடுகிறார்கள், நம்முடைய குருதான் அந்த க்ரூ. (அவர்கள் மொழியான கெமரின் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து வந்தது, அவர் பலகையில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.) தன்னார்வலர் வந்துவிட்டால் அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் இடம் மாறிக்கொண்டோம், அவர் பாடம் நடத்தினார், நான் உச்சரிப்பும் நோட்டுத் திருத்தமும் பார்த்தேன், சாயங்காலம் இருவரும் இங்கிலீஷில் பேசிப் பழகினோம். எது வரை முடிந்தது என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் போட்டோம். உருப்படியாக ஏதாவது செய்தேன் என்றால் அதுதான், ஏனென்றால் அவர் நாளைக்கும் அங்கே இருப்பார்.

இன்னொன்று. பிள்ளைகளோடு இருக்கப்போகிறோம், கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டி, என் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று சொல்லும் போலீஸ் சான்றிதழ் வாங்கிப் போயிருந்தேன். யாரும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றுதானே அர்த்தம்? இதற்கு 5க்கு 1 கூடத் தர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை 20 டாலருக்கு அனாதை இல்லம் கூட்டிப்போகிறேன் என்றார்கள், மறுத்துவிட்டேன். கம்போடியக் காப்பகப் பிள்ளைகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்று யூனிசெஃப் சொல்லிப் பல வருடமாகிறது. பார்க்க வருகிறவர்கள் காசு கொடுக்கிறார்கள், அந்தக் காசுக்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவதும் நடக்கிறது. ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011இலேயே 'பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று பிரச்சாரம் செய்தது.

போக நினைக்கிறவர்கள் பணம் கட்டும் முன் கேளுங்கள்: வகுப்பை நடத்துவது உள்ளூர் ஆசிரியரா, நான் கிளம்பிய பிறகு யார் தொடர்வார்கள், போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா, குறைந்தது எத்தனை மாதம். 'ஒரு வாரம் போதும், எதுவும் வேண்டாம்' என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள்.