தண்ணீர் குடித்த டெஸ்க்டாப்புக்கு 99.9% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

கேபினெட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றதும் பலரும் முதலில் தேடுவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாட்டிலைத்தான். சுருக்கமாக ஐபிஏ. வாங்குவது சரியான முடிவு. ஆனால் ஈர மதர்போர்டின் மேல் நேராக அதை ஊற்றிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நம்புகிற இடத்தில்தான் பெரும்பாலான போர்டுகள் வீணாகின்றன. ஐபிஏ தண்ணீரை விரட்டும், உப்பைக் கழுவாது. இந்த வித்தியாசம் புரிந்தவர் கையில் இதைவிட நல்ல பொருள் இல்லை. புரியாதவர் கையில் அது சேதத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

தூய தண்ணீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும். போர்டைக் கெடுப்பது அதில் கரைந்திருக்கும் உப்புகள். குழாய்த் தண்ணீரில் அவை ஏற்கெனவே உண்டு. டீ, ஜூஸ் என்றால் சர்க்கரையும் சேரும். சுத்தமான தண்ணீரே விழுந்தாலும், கேபினெட்டில் படிந்த தூசியைக் கரைத்துக்கொண்டுதான் கீழே இறங்கும். சாப்பாட்டு உப்பு தண்ணீரில் உடனே கரையும், 99.9% ஐபிஏவில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஆகவே வெறும் ஐபிஏ ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மெல்லிய வெள்ளைப் படலமாக அங்கேயே தங்கும். காற்றில் ஈரப்பதம் ஏறும்போது அந்தப் படலம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போர்டில் அருகருகே உள்ள இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே மின்னழுத்தம் இருந்தால், நேர்முனையின் செம்பு கரைந்து எதிர்முனையில் மெல்லிய இழையாக வளரத் தொடங்கும். முதல் நாள் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் பதினைந்தாம் நாள் திடீரென்று செத்துப்போவதற்கு இது முக்கியமான காரணம்.

எனவே முதல் கழுவல் காய்ச்சி வடித்த தண்ணீரில், அதாவது டிஸ்டில்டு வாட்டரில். இரண்டாவது கழுவல் ஐபிஏவில். ஒரு முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுக்கு 2 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் தாராளமாகப் போதும். கேன்களில் வரும் குடிநீர் இதற்கு ஆகாது. அதில் தாது உப்புகள் உண்டு. ஐபிஏவை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்தால் 150 மி.லி. வரை செலவாகும். தட்டில் முழுக்க முக்குவதென்றால், 32 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலத் தட்டில் 2 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் வேண்டும். சில துளிகள் மட்டும் சிந்திய போர்டுக்கு ஸ்பிரே போதும். சர்க்கரைத் தண்ணீரோ கடல் நீரோ பட்டிருந்தால் முக்குவதே நல்லது.

எந்த அடர்த்தி வாங்குவது? 99 அல்லது 99.9%. கிடைக்காவிட்டால் 91% பரவாயில்லை. அந்த விகிதத்தில் ஆல்கஹாலும் தண்ணீரும் பெரும்பாலும் சேர்ந்தே ஆவியாகிவிடும். 70% வேண்டாம். அதில் ஆல்கஹால் முதலில் போய்விட, கடைசியில் மிஞ்சுவது தண்ணீர்தான். கைக்குப் போடும் சானிடைசர் அதைவிட மோசம். கிளிசரினும் வாசனைப் பொருளும் பிசுபிசுப்பாகப் படியும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேக்களையும் ஸ்லாட்டுகளில் அடிக்கக் கூடாது. கான்டாக்ட் கிளீனர் வாங்கினால் படிவு விடாத வகையா என்று டப்பாவில் படித்துப் பார்க்க வேண்டும்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பிளக் செருகியிருந்து, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்ச் போட்ட நிலையில் இருக்கும்வரை, ஊதா ஒயரில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஈரத்தோடு அது சேர்ந்தால் அரிப்பு மளமளவென்று நடக்கும். பிளக்கை எடுத்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். அந்த 3 வோல்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரி ஹோல்டரைச் சுற்றிப் பச்சை பிடிப்பது அதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஐபிஏவை மறந்துவிட்டு யூனிட்டை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்குள் புகுந்த ஈரத்தை வெளியிலிருந்து கழுவவும் முடியாது. இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அடுத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ராம், கிராஃபிக்ஸ் கார்டு, எம்.2 எஸ்எஸ்டி, கூலர், பிராசஸர், எம்.2 ஹீட்சிங்க்கும் அதன் தெர்மல் பேடும் கூட. ஹீட்சிங்க்குக்கு அடியில் தேங்கும் ஈரம் நாட்கணக்கில் போகாது. டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, மென்மையான டூத் பிரஷால் ஸ்லாட்டுகள், ஆடியோ பகுதி, பின்பக்க போர்ட்டுகள் ஆகியவற்றை மெல்லத் தேய்த்து, மறுபடி ஊற்றி வடிக்க வேண்டும். பிராசஸர் சாக்கெட்டில் கம்பிகள் இருந்தால் பிரஷ் அருகிலேயே போகக் கூடாது. ஒரு கம்பி வளைந்தாலும் போர்டு போய்விடலாம். அங்கே சொட்டுச் சொட்டாக விட்டுச் சாய்த்து வடிப்பது மட்டும்தான் வழி.

ஐபிஏ தன் தகுதியைக் காட்டுவது இதற்குப் பிறகுதான். சிப்செட்டின் அடியில் உருண்டை உருண்டையான சால்டர் புள்ளிகளுக்கு நடுவே தண்ணீர் தானாக வெளியே வராது. அதன் பரப்பு இழுவிசை அதிகம். ஐபிஏவுக்கு அது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து, அங்குள்ள தண்ணீரோடு கலந்து, அதையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். ஒரு தடவை போதாது. மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொரு முறையும் போர்டை வெவ்வேறு பக்கம் சாய்த்து வடிக்க வேண்டும். வடித்ததைத் திரும்பப் பயன்படுத்தினால் அழுக்குத் தண்ணீரைத்தான் மறுபடி ஊற்றுகிறோம்.

ஐபிஏ படக் கூடாதவையும் உண்டு. அக்ரிலிக் பக்கப் பலகையில் பட்டால் மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஃபேன் பேரிங்குக்குள் போனால் அங்குள்ள எண்ணெயைக் கரைத்துவிடும், பிறகு ஃபேன் கரகரக்கும். ஃபேன் இறக்கைகளைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தெர்மல் பேஸ்ட்டை முழுக்க எடுத்துவிடும், ஆகவே புதிய பேஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கின் மூச்சுத் துளைக்குள் போகவே கூடாது. முக்கியமான தரவு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதற்கு மின்சாரமே கொடுக்காமல், காய வைக்கவும் முயலாமல், மூடிய பையில் போட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுப்பதுதான் முறை.

தீ விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஐபிஏவின் ஆவி ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்குச் சேரும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அடுப்போ ஊதுபத்தியோ இருக்கும் அறையில் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் நைட்ரைல் கையுறை இருக்கட்டும்.

காய வைக்க 24 மணி நேரம். போர்டை நிமிர்த்திச் சாய்த்து, சாதாரண டேபிள் ஃபேன் காற்று படும்படி வைத்தால் போதும். ஹேர் டிரையர் ஈரத்தைச் சிப்புகளின் அடிக்கே தள்ளும், பிளாஸ்டிக்கையும் வளைக்கும். அரிசி மூட்டையில் புதைப்பதால் பயன் இல்லை. மாவும் தூசியும் ஸ்லாட்டில் ஏறுவதுதான் மிச்சம். சிலிக்கா ஜெல் நல்லதுதான், ஆனால் ஐபிஏ வாசனை முற்றிலும் போன பிறகு மூடிய பெட்டியில் போட்டால்தான் அதன் உழைப்பு ஈரத்துக்குப் போகும்.

இனி சோதனை. கேபினெட்டில் மாட்டாமல், அட்டைப் பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், சேதமில்லாத வேறொரு எஸ்எம்பிஎஸ், இவ்வளவோடு தொடங்க வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 முனை கனெக்டரின் 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் அந்தப் பாதையில் ஷார்ட். மின்சாரம் கொடுத்து உறுதிசெய்ய முயல வேண்டாம். இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு, 24 முனை கனெக்டரின் ஒன்பதாம் முனையில் ஸ்டாண்ட்பை 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் ஆன பிறகு 12 வோல்ட் பாதை 11.4 முதல் 12.6க்குள் நிற்க வேண்டும்.

தானாகவே ஆன் ஆனால் பவர் பட்டன் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். பட்டனுக்குள் ஈரம் இருப்பதுதான் வழக்கமான காரணம். யூஎஸ்பி ஓவர் கரன்ட் என்று எழுதிவிட்டு அணைந்தால், முன்பக்க யூஎஸ்பி கேபிளைக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஒரு ராம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்த ஸ்லாட்டுக்கு மட்டும் இன்னொரு ஐபிஏ கழுவல், இன்னொரு நாள் காய வைத்தல். போர்டு முழுக்கச் செத்துக் கிடந்து, சிப்செட் ஓரத்தில் பச்சைப் படிவும் தெரிந்தால், இன்னும் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பலன் இல்லை. சிப்பின் அடியில் அரித்துப்போன இணைப்பை எந்தத் திரவமும் திரும்ப ஒட்டாது.

ஓடத் தொடங்கிவிட்டால் முதல் வேலை தரவை வெளி டிஸ்க்கில் எடுப்பது. ராம் சோதனையை இரவு முழுக்க ஓட விடலாம். பதினைந்து நாள் கழித்து மறுபடி மூடியைத் திறந்து, பேட்டரி ஹோல்டர், ராம் ஸ்லாட், ஆடியோ பகுதி ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையோ பச்சையோ புதிதாக முளைத்திருந்தால் முதல் கழுவலில் உப்பு மிஞ்சியிருக்கிறது. மறுபடி டிஸ்டில்டு வாட்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மீதமுள்ள ஐபிஏவை மூடி இறுக்கி வைத்திருங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், 99.9% என்ற எண் லேபிளில் மட்டும்தான் இருக்கும்.