டர்போ வென்டிலேட்டர்: மேலே சுற்றுவது இருக்கட்டும், கீழே காற்று வருகிறதா?

ரைஸ் மில், குடோன் கூரைகளில் வெங்காயம் மாதிரி சுற்றிக்கொண்டு நிற்குமே, அதில் 24 அங்குலம் ஒன்றைக் கோயம்புத்தூரில் எங்கள் மொட்டை மாடி ஷீட் அறைக்கு மாட்டியிருக்கிறோம். கரண்ட் வேண்டாம், காற்றடித்தாலே சுற்றும், அடிக்காவிட்டாலும் உள்ளே சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பிய்த்துக்கொண்டு சுற்றுகிறது, சித்திரை மத்தியானத்தில் இலை அசையாதபோது சோம்பேறித்தனமாக ஒரு சுற்று, அவ்வளவுதான்.

பொருள் நல்ல பொருள். ஆனால் விற்கிறவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: வெளியே போகிற அளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். 2 அடி விட்டம் என்றால் மேலே சுமார் 3 சதுர அடி திறப்பு. அதே அளவாவது கீழே, முடிந்தால் தரையை ஒட்டி, திறப்பு இருக்க வேண்டும். கதவு ஜன்னலை மூடிவிட்டு மேலே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி, உடம்புக்கு இல்லை.

ஜன்னல் கணக்கும் இதே கதைதான். தேசிய கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும் திறப்பு கேட்கிறது. 120 சதுர அடி அறைக்கு 12 முதல் 20 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் வைத்தால் 16 வந்துவிட்டதே என்று தோன்றும், ஆனால் இப்போது எல்லோரும் போடுகிற யுபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், கொசுவலை வேறு காற்றைத் தடுக்கும். காசு கொஞ்சம் கூடினாலும் கதவு மாதிரி முழுசாகத் திறக்கிற ஜன்னலே போடுங்கள். எதிரெதிர்ச் சுவரில் இருந்தால் இன்னும் நல்லது.

மாட்டிவிட்டவர்கள் வேலைதான் சுமார். ஷீட்டின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொருந்தாத தட்டை பேஸை வைத்து சிலிக்கானை அப்பிவிட்டுப் போனார்கள், முதல் பெருமழையிலேயே ஓரமாக ஒழுகியது. சுற்றும் தலை வழியாக ஒரு சொட்டு வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஷீட் வடிவத்துக்கே வளைந்த ஃபைபர் பேஸ் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஷீட் காய்ந்து நேராகத் தலையில் இறங்குகிற அனலை இது தடுக்காது. அதற்கு மேலே வெள்ளைக் கூல் பெயின்ட் அல்லது அடியில் இன்சுலேஷன் தனியாகச் செய்ய வேண்டும். புழுக்கமும் அடைசல் வாடையும் போகத்தான் இது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம், பேரிங் கிறீச்சிட ஆரம்பித்தால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.