பழைய லான்ட் ரோவருக்கு டீசல் எஞ்சின் மாற்றக் கொடுத்து ஏமாந்த கதை: வன்னியில் ஜீப் வைத்திருப்பவர்களின் கவனத்துக்கு

பழைய ஜீப் அல்லது லான்ட் ரோவர் வைத்திருக்கும் எவராவது பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கழிவாக வந்த ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தும் எண்ணத்தில் இருந்தால், முற்பணம் கொடுக்க முன்னர் இந்தப் பதிவைக் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் இழந்தது பணம் மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் தங்கையின் மகன் நெற்றியில் மூன்று தையலோடு வீடு திரும்பினான். அவன் உயிரோடு திரும்பியது அன்று வாய்க்கால் வரம்பு ஈரமாக இருந்ததால்தான்.

எங்கள் வயல் முத்தையன்கட்டுக்கு அப்பால் இருக்கிறது. ஒட்டுசுட்டான் வரை தார் வீதி. அதற்குப் பின் கிரவல் பாதை, அதுவும் முடிந்தபின் குளக்கட்டும் களிமண் தடமும்தான். மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்புக் காலத்தில் நான்கு சில்லுகளும் இழுக்காத வாகனம் அந்தத் தடத்தில் போய்த் திரும்பாது. மீள்குடியேறிய பின்னர், 2012 இல், தோட்டப் பகுதியிலிருந்து வவுனியாவுக்கு வந்த மூன்றாம் தொடர் லான்ட் ரோவர் ஒன்றை வாங்கினேன். 2286 சீசீ பெற்றோல் எஞ்சின். உடம்பு நல்ல உடம்பு, ஆனால் குடிக்கும் பெற்றோலுக்கு அளவில்லை. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்தபோதே டீசலுக்கு மாற்ற வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. உழவு இயந்திரத்துக்கு எப்படியும் வீட்டில் டீசல் இருக்கும். டீசல் எஞ்சினில் பற்றவைக்கும் சுருளும் டிஸ்ரிபியூற்றரும் இல்லாதபடியால், வாய்க்காலைக் கடக்கும்போது தண்ணீர் தெறித்து நின்றுபோகும் தொல்லையும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதற்குப் பின் பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், வேறொன்றை வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

ஏ9 வீதியோர நகரம் ஒன்றிலுள்ள கராஜில் 2024 ஆகஸ்ட்டில் வாகனத்தைக் கொடுத்தேன். முறைப்பாடு இப்போது, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபையில் இருப்பதால் பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. அந்தக் கராஜ்காரர் காட்டிய எஞ்சின் பச்சை வண்ணம் பூசப்பட்டு, பளபளவென்று பலகைக் கட்டில் மீது நின்றது. "அண்ணை, இது ரொயோட்டா 3எல். ஜப்பானிலையிருந்து வந்தபடி இருக்கு, ஒரு நட்டும் கழட்டேல்லை" என்றார். எஞ்சினுக்கும் பொருத்துக் கூலிக்குமாக 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா பேசி, அதில் 6 இலட்சத்தை முன்னரே கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தருவதாகச் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை.

ஏன் வற்புறுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் இந்த மண்ணுக்குள் வராத காலத்தில், ஒஸ்ரின் ஏ40 கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்குகள். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் அந்தக் கார்களில் ஏற்றிக்கொண்டு போனதைச் சிறுவனாக என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் கிறீஸ் படிந்த ஒருவர் "செய்து தரலாம்" என்று சொன்னால் எழுத்தில் கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் எனக்குள் அப்படித்தான் ஊறியது. அந்த மரியாதைக்கு உரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

செப்டெம்பர் கடைசியில் வாகனம் கைக்கு வந்தது. முதல் நாளிலேயே பிரேக் மிதி கல்லைப் போல இறுகியிருந்ததைக் கவனித்தேன். கேட்டதற்கு, "பழகினால் சரியாயிடும் அண்ணை" என்றார். இந்த ஒரு பதிலை நம்பியதுதான் நான் செய்த பெரிய பிழை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெற்றோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியை ஒரு தகடு பாதி மூடியபடி இருக்கும். ஆகவே காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் மனிபோல்டுக்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. பிரேக் பூஸ்டர் அந்த உறிஞ்சலைக் கொண்டுதான் எங்கள் காலின் அழுத்தத்தைப் பல மடங்காக்குகிறது. டீசல் எஞ்சின் காற்றை அப்படி மறிப்பதில்லை. மனிபோல்டில் உறிஞ்சலும் இல்லை. அதனால்தான் ரொயோட்டாவின் எல் வகை டீசல் எஞ்சின்களில் பற்றறிக்கு மின்னேற்றும் அல்டர்னேற்றரின் பின்புறத்தில், உறிஞ்சலை உண்டாக்கும் சிறிய வக்கியூம் பம்ப் ஒன்றைச் சேர்த்தே பொருத்தியிருக்கிறார்கள். அதே தண்டில் சுழலும் அந்தப் பம்புக்கு எஞ்சினிலிருந்து ஒயில் போக ஒரு குழாயும், அந்த ஒயில் திரும்பி வர இன்னொரு குழாயும், பூஸ்டருக்குப் போக மூன்றாவது குழாயும் உண்டு. என் வாகனத்தில் இருந்ததோ ஏதோ பெற்றோல் காரிலிருந்து கழற்றிய சாதாரண அல்டர்னேற்றர். அதன் பின்புறத்தில் பம்பும் இல்லை, குழாயும் இல்லை. பூஸ்டரிலிருந்து வந்த இறப்பர்க் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கி, எஞ்சின் அறையின் சுவரோடு ஒட்டி மறைத்து வைத்திருந்தார்கள். தெரியாமல் விட்ட பிழை என்று இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. போல்ட்டைத் தேடி எடுத்து அந்தக் குழாயை அடைத்தவருக்கு அது எங்கே போகும் குழாய் என்பது கட்டாயம் தெரிந்திருக்கும்.

கராஜ் வளவுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும். ஒக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, பின்னால் பசளை மூட்டைகளும் பக்கத்தில் மருமகனுமாகக் குளக்கட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே எருமை மந்தை ஒன்று தடத்தைக் கடந்தது. இரண்டு கால்களாலும் மிதித்தேன். வாகனம் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஸ்ரேறிங்கை வெட்டி வாய்க்கால் வரம்பில் ஏற்றினேன். ஈரமண்ணில் முன்சில்லு புதைந்து நின்றது. பிள்ளையின் நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் அடிபட்டது. அன்றிரவு மாங்குளம் வைத்தியசாலையில் தையல் போட்டார்கள். அவனுடைய தாய் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் கராஜ்காரரிடம்தான் போனேன். பிரேக்கில் காற்று நிற்கிறது என்று சொல்லி எண்ணெய் மாற்றி 8 ஆயிரம் ரூபா வாங்கினார். இரண்டு கிழமைக்குள் எஞ்சின் சூடேறத் தொடங்கியது. றேடியேற்றர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் குமிழிகள் வந்தன. ஒவ்வொரு நாளும் தண்ணீர் குறைந்தது. கீழே ஒழுகிய தடம் இல்லை. அப்போதுதான் விளங்கியது, இது இன்னொருவர் பார்க்க வேண்டிய வேலை என்று.

வவுனியாவில் எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். மேலே நான் குறிப்பிட்ட ஏ40 காலத்து மனிதர். வாகனத்தைச் சுற்றி வந்து பார்த்தவர், எஞ்சினைப் பற்றி எதுவும் கேட்காமல் அல்டர்னேற்றரின் பின்னால் கையை விட்டுத் தடவி, "தம்பி, இதிலை பிரேக்குக்கு உயிரில்லையே, என்னெண்டு இவ்வளவு தூரம் ஓடினனீர்?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு பிளாக்கின் பக்கத்தில் தடிப்பாகப் பூசியிருந்த பச்சை வண்ணத்தைக் கத்தியால் சுரண்டினார். அங்கே வார்ப்பிலேயே இருந்தது 2எல் என்ற குறி.

2எல் மோசமான எஞ்சின் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது 2446 சீசீ. எனக்கு விற்றதாகச் சொன்ன 3எல் 2779 சீசீ. விலையும் வேறு, சேற்றில் இழுக்கும் வலுவும் வேறு. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிய பிறகு வேனியரை வைத்து அளந்து காட்டினார்: சிலிண்டரின் உள்விட்டமான போர் 92 மில்லிமீற்றர். 3எல் என்றால் 96 இருக்க வேண்டும். ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு. பழைய 2எல் ஹெட்கள் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் வெடிப்பது வழமையாக அந்த இடத்தில்தான். "ஒரு நட்டும் கழட்டேல்லை" என்று சொல்லப்பட்ட எஞ்சினில் அந்த வெடிப்பு ஏற்கெனவே ஒட்டுப்போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. தண்ணீர் வழிகள் முழுவதும் றேடியேற்றர் அடைக்கும் மருந்தின் பழுப்புப் படிவு. ஹெட்டைக் கழற்ற முன்னர் எடுத்த கொம்பிறஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) அளவுகளைத் தாளில் எழுதித் தந்திருக்கிறார். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் 450 பீஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டியது, என்னுடையதில் மூன்று சிலிண்டர்களில் 300 ஐ ஒட்டியும் ஒன்றில் 240 ஆகவும் இருந்தது. இந்தப் பரிசோதனைக்கு அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. ஆகஸ்ட்டில் பலகைக் கட்டில் மீது நின்ற எஞ்சினுக்கு ஸ்ராட்டரையும் பற்றறியையும் பொருத்தி அளந்து காட்டும்படி நான் கேட்டிருந்தால், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் வைத்த இரும்புத் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஞ்சின் நல்லதாகவே இருந்திருந்தாலும் இது என் கியர்பொக்ஸைத் தின்றிருக்கும். ஜப்பானிய எஞ்சினின் துளைகளும் லான்ட் ரோவர் கியர்பொக்ஸின் முன்கூடான பெல்ஹவுசிங்கின் துளைகளும் பொருந்தாதபடியால் இடையில் ஒரு தகடு கடைந்து வைக்க வேண்டும். அந்தத் தகடு எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் மையத்தையும் கியர்பொக்ஸ் தண்டின் மையத்தையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்; அங்கே கணக்கு மில்லிமீற்றரில் இல்லை, அதன் பத்திலொரு பங்கில். ஆகவே லேத்தில் கடைந்து, நிலைப்படுத்தும் ஊசிகள் போட்டு, டயல் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குவார்கள். என்னுடையதில் ஊசி ஒன்றுமே இல்லை. காஸ் வெல்டரால் வெட்டிய தகடு. போல்ட் துளைகள் பொருந்தாத இடங்களில் துளையைப் பெரிதாக்கியிருந்தார்கள். கிளட்சை விடும்போதெல்லாம் வாகனம் நடுங்கியதற்கும், இரண்டே மாதத்தில் கிராங்கின் முனையிலுள்ள புஷ் தேய்ந்து தூளானதற்கும் அதுதான் காரணம். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பும் ஏதோ வேனுடையது. மேடுபள்ளத்தில் முன் அச்சிலுள்ள டிப்பறென்சியல் மேலெழும்போது அதில் இடித்து நெளிந்திருந்தது. டீசல் பம்பிலிருந்து மிகுதி எண்ணெய் தாங்கிக்குத் திரும்ப வேண்டிய குழாயைத் தாங்கிக்குக் கொண்டுபோகவே இல்லை.

கடைசியாகக் கடதாசி. வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் இருக்கின்றன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதைத் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பத்திரம் தேவை. நான் மூன்று முறை கேட்ட பிறகு கராஜ்காரர் தந்த நிழற்பிரதியில் 3எல் என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருந்தது. பிளாக்கில் அடித்திருப்பதோ 2எல் இலக்கம். அந்தத் தாளை எந்த அலுவலகத்தில் நீட்டினாலும் பொய் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். விபத்தில் யாருக்காவது ஏதாவது நடந்திருந்தால், காப்புறுதியிடம் எதைக் காட்டியிருப்பேன் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இப்போதைய நிலையை எழுதுகிறேன். வவுனியாப் பெரியவர் பத்திரத்தோடு வந்த இன்னொரு எஞ்சினைத் தேடித் தந்து, தகட்டை லேத்தில் புதிதாகக் கடைந்து, பம்போடு கூடிய அல்டர்னேற்றரையும் போட்டுத் தந்திருக்கிறார். மொத்தச் செலவு முதலில் பேசிய தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கழற்றிய ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் சாக்கில் கட்டிக் கையில் தந்தார். இணக்க சபையில் இரண்டு தவணை முடிந்துவிட்டது. பற்றுச்சீட்டு இல்லாததால், கொடுத்தது 6 இலட்சம் என்று நான் சொல்ல, எதிர்த்தரப்பு 3 இலட்சம் என்கிறது. வங்கியில் மாற்றிய 2 இலட்சத்துக்கு மட்டுமே என்னிடம் அசைக்க முடியாத சான்று இருக்கிறது. அந்த வெடித்த ஹெட்டும் போல்ட் செருகிய இறப்பர்க் குழாயும் என் வீட்டில் இருக்கின்றன. அடுத்த தவணைக்கு இரண்டையும் கொண்டு போகிறேன்.

போன கிழமை அந்த வழியாகப் போனபோது, அதே கராஜ் வளவில் பொனற் திறந்தபடி பழைய மிற்சுபிசி ஜீப் ஒன்று நின்றது. பக்கத்தில் பலகைக் கட்டில் மீது பச்சை வண்ணம் பூசிய எஞ்சின். உள்ளே போய் உரிமையாளர் யார் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்கள். அந்த ஜீப் உங்களுடையது என்றால், அல்லது யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்தால், மிகுதிப் பணத்தைக் கொடுக்க முன்னர் அல்டர்னேற்றரின் பின்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.