சனிக்கிழமை ஆங்கில வகுப்பு: எட்டு வாரம், 160 சிங்கப்பூர் வெள்ளி

சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் நான் சேர்ந்ததற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். ஏணி இரவல் கேட்டு எழுதிய மின்னஞ்சலில் 'பாரோ' வரவேண்டிய இடத்தில் 'லெண்ட்' என்று போட்டுவிட்டேன். ஏணியை நான் தரப்போவதாக மேலாளர் நினைத்துக்கொண்டார்.

ஆசிரியை பணி ஓய்வு பெற்றவர். ஒரு பேனாவைக் கைமாற்றிக் கைமாற்றி, வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்' என்று எல்லோரையும் சொல்லவைத்தார். ஆனால் என் மனத்தில் நின்றது 'அட்வைஸ்' பாடம். பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வினைச்சொல்லின் கடைசி ஒலியோ வண்டின் ரீங்காரம்போல அதிரவேண்டும். தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த அதிர்வை 41 வயதில் முதன்முறையாக உணர்ந்தேன்! 'பிராக்டிஸ்' வேறு விதம்: எழுத்து மாறும், ஒலி மாறாது. அமெரிக்கர்கள் எழுத்தையும் மாற்றுவதில்லை. சிங்கப்பூரில் நாம் பின்பற்றுவது பிரிட்டிஷ் வழக்கு.

அச்சிட்டுத் தரும் குறிப்புகளில் எழுத்து மிகவும் சிறியது. இதை அவசியம் திருத்தவேண்டும்.

அடுத்த தவணைக்கு என் மனைவியின் பெயரையும் பதிந்துவிட்டேன்.