வரிசை வீட்டில் மாடி எடுப்பது: எந்த வழி, எவ்வளவு செலவு

இருபதுக்கு முப்பது அடியில், இரு பக்கமும் பொதுச் சுவரோடு நிற்கும் நாற்பது ஆண்டு பழைய வரிசை வீடு ஒன்றைச் சென்னையில் வைத்திருப்பவர், பிள்ளைகள் வளர்ந்ததும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது மொட்டை மாடியைத்தான். சதுர அடிக்கு ₹2,200 முதல் ₹2,800 வரை என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் விலையை 600 சதுர அடியால் பெருக்கினால் 13 முதல் 17 லட்சம் வரை வரும். அந்தக் கணக்கு மாடிக்கு மட்டும்தான் பொருந்தும். மாடியைத் தாங்கப்போகும் கீழ்த்தளத்துக்கு என்ன செலவாகும் என்பது அதில் இல்லை.

எனவே எடையிலிருந்து தொடங்குவதே முறை. பத்தடி உயர ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ இருக்கும். 120 அடி சுவருக்கு 48 டன். ஐந்து இஞ்ச் கான்கிரீட் தளம் 17 டன். ஆக, பூச்சும் தரையும் சேர்க்கும் முன்பே 65 டன் ஆகிறது. செங்கல்லுக்குப் பதில் எட்டு இஞ்ச் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட் கட்டி) வைத்தால் சுவரின் எடை 15 டன் அளவுக்கு இறங்கிவிடும். பழைய தளத்தின் மேல் தட்டோட்டுக்கு அடியில் கிடக்கும் நான்கு இஞ்ச் செங்கல் ஜல்லி சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தாலே பத்து டன் குறையும் என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை.

முதல் வழி, இருக்கும் சுவர் மேலேயே சுவர் எழுப்புவது. செலவு குறைந்தது இதுதான் என்றாலும், கீழே ஒன்பது இஞ்ச் சுவர் இருந்து, மேல் சுவர் அதன் நேர் மேலேயே வந்தால்தான் இது நடக்கும். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர் மாடியைத் தாங்காது. அஸ்திவாரமும் மண்ணும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் சுவரோரம் மூன்றடிக்கு மூன்றடி குழி ஒன்று தோண்டிப் பார்த்தோம். இரண்டே படி செங்கல் அஸ்திவாரம், அதன் கீழே மெல்லிய ஜல்லிப் படுகை, அதற்கும் கீழே கையில் உருட்டினால் உருண்டையாகும் கரிய களிமண். அன்றே இந்த வழியைக் கைவிட்டோம். கடற்கரைப் பக்கத்து மணல் மண்ணில், அஸ்திவாரம் அகலமாக இருந்தால், பொறியாளர் இதற்கே ஒப்புதல் தரக்கூடும். ஆனால் அங்கே உப்புக் காற்றில் தளத்துக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பூச்சு உப்பி, சிமென்ட் பிளந்து, கம்பி வெளியே தெரியும் தளத்தின் மேல் எதையும் ஏற்றக் கூடாது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளையும் இந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

இரண்டாவது வழியில், தரையிலிருந்தே புதிய கான்கிரீட் தூண்களை எழுப்பி, பழைய சுவரின் மேல் பாரம் இறங்காமல் மாடியைத் தனியாக நிறுத்துகிறார்கள். தனி வீட்டுக்கு இது நல்ல தீர்வு. வரிசை வீட்டில் பொதுச் சுவரை ஒட்டித் தூண் குழி தோண்டும்போது பக்கத்து வீட்டு அஸ்திவாரமே பிடிப்பிழந்து, அவர்கள் சுவரில் விரிசல் விழக்கூடும். அதைத் தவிர்க்கத் தூணை உள்ளே தள்ளி வைத்தால் கூடத்தின் நடுவே தூண் நிற்கும். களிமண்ணுக்குப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) தேவைப்பட்டால், கீழே செலவிடும் பணம் மாடிக்கு ஆவதில் பெரும் பங்கை எட்டிவிடும். வேலை முடியும்வரை வாடகை வீடும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது, இரும்புச் சட்டமும் பஃப் பேனலும் (இரு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகை) கொண்ட இலகு மாடி. மொத்த எடை ஏறக்குறைய 5 டன்தான். ஜல்லிச் சுண்ணாம்பை எடுத்துவிட்டால் பழைய சுவருக்குக் கூடுதல் பாரமே இல்லை என்று சொல்லலாம். இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்ததுபோல் சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். எனினும், மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்கிட்ட தளம், குடியிருக்கும் தளத்துக்கு வேண்டிய 200 கிலோவைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் சரிபார்க்க வேண்டும். இலகுவாக இருப்பதே இதற்கு ஆபத்தும் ஆகிறது: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னைக்காரர்கள் கண்ட காற்றை நினைத்து, சட்டத்தின் பிடிப்பைத் தளத்தோடு நிறுத்தாமல் சுவர்வரை இறக்கிக் கட்ட வேண்டும். வெறும் தகரக் கூரை போட்டால் மே மாதத்தில் அந்த அறையில் உட்கார முடியாது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நான்காவது வழி. தளமே போய்விட்ட வீட்டுக்கு அதுதான் சரி. பொதுச் சுவரைத் தொடாமல் இடிக்க வேண்டும். அதைத் தொடுவதானால் அக்கம்பக்கத்தார் இருவரின் சம்மதமும் வேண்டும்.

எங்கள் மண்ணுக்கும் அஸ்திவாரத்துக்கும் நான் மூன்றாவது வழியையே தேர்ந்தேன். ஒன்பது இஞ்ச் சுவரும் மணல் மண்ணும் உள்ளவருக்கு ஏஏசி பிளாக்கோடு முதல் வழியைச் சொல்வேன். எந்த வழியானாலும், இலகு மாடியானாலும், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். அதில் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனையின் பரப்பில் இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பதால் சிறு மனைக்கும் பரப்பளவில் இடமுண்டு. தடை பெரும்பாலும் படிக்கட்டில்தான் வரும். வீட்டுக்குள் வைத்தால் கீழ்த்தளத்தில் அறுபது, எழுபது சதுர அடி போய்விடும், வாசலில் வைத்தால் முன்பக்கம் விட வேண்டிய காலி இடம் குறைந்துவிடும். ஆகவே மேஸ்திரியிடம் விலை கேட்கும் முன் படிக்கட்டு எங்கே வரும் என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள், சுவரோரம் அந்தக் குழியையும் தோண்டிப் பார்த்துவிடுங்கள்.