‘அலுமினியமும் பிடிக்கும் சார்’ என்று தலையில் கட்டிய டிக் மெஷின்

வீட்டில் அலுமினியம் வெல்டிங் செய்ய மெஷின் வாங்கப் போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு வெல்டிங் சாமான் கடை எனக்கு விற்றது அலுமினியத்துக்கு உதவாத மெஷின். கூடக் கொடுத்த பில்லர் ராடு, அதாவது இணைப்பில் உருக்கி நிரப்பும் கம்பி, உடம்பையே படுக்க வைத்துவிட்டது. காசு போனதைவிட எனக்குக் கோபம் இந்த ராடு விஷயத்தில்தான்.

என் தேவை சின்னது. பழைய ஸ்கூட்டரின் என்ஜின் கவரில் ஒரு விரிசல். அப்புறம் ஜன்னலுக்குப் போடும் 6063 ரக அலுமினியச் செக்‌ஷனில், மாடிக்கு ஒரு செடி ஸ்டாண்டு. கனம் 3 மி.மீ., வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்ட். இவ்வளவையும் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: “டிக் 200 எடுத்துக்குங்க சார். இரும்பு, எஸ்எஸ், அலுமினியம் எல்லாம் பிடிக்கும்.” டிக் என்பது டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து, ஆர்கான் வாயுவின் மறைப்பில் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை.

வீட்டுக்கு வந்து ஆர்கான் மாட்டி ஆர்க் அடித்தால் அலுமினியம் கலங்கிக் கறுத்ததே தவிர, பளபளவென்று குளம் கட்டவில்லை. ஆம்பியரை ஏற்றினால் மேல்தோல் அப்படியே நிற்க, உள்ளே உருகி, திடீரென்று துண்டோடு கீழே விழுந்து ஓட்டையானது. கடைக்குப் போன் செய்தால், “கை பழகணும் சார்”. மறுபடி செய்தால், “டங்ஸ்டனை மாத்திப் பாருங்க”.

கையில் கோளாறு இல்லை. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்ஸைடு தோல் உருக 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும். அந்தத் தோலை உடைத்துத் தள்ளுவது ஏசி கரண்ட். ஒவ்வொரு சுற்றிலும் டங்ஸ்டன் பாசிட்டிவாக இருக்கும் பாதி நேரம் தோலைச் சுத்தம் செய்யும், நெகட்டிவாக இருக்கும் மறுபாதி உலோகத்தை உருக்கும். எனக்குக் கொடுத்தது போல டிசி மட்டும் தரும் மெஷினில், டங்ஸ்டன் இருக்கும் டார்ச்சை நெகட்டிவில் மாட்டினால் தோல் உடையாது. பாசிட்டிவில் மாட்டினால் தோல் உடையும், ஆனால் சூடு முழுக்க டங்ஸ்டனில் ஏறி அதன் முனை உருண்டு உருகிவிடும். ஆர்கானில் டிசி டிக்கை வைத்துக்கொண்டு வீட்டில் 3 மி.மீ. அலுமினியத்தோடு போராடுவது வீண். இரும்புக்கும் எஸ்எஸ்ஸுக்கும் அதே மெஷின் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் கடைக்காரரால் ‘மெஷின் நல்லாத்தான் இருக்கு’ என்று சாதிக்க முடிகிறது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரில் போனபோது நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடைக்காரர் பின்பக்கத் தகட்டைத் திருப்பி, “பாருங்க, ஏசினுதான் போட்டிருக்கு” என்று விரலை வைத்துக் காட்டினார். அங்கே இருந்தது 230 வோல்ட் பக்கத்தில் ஓர் அலைக்கோடு. அது சுவரிலிருந்து மெஷினுக்குள் போகும் கரண்ட். வெல்டிங் மெஷினைச் செருகும் வீட்டு லைன் எப்போதும் ஏசிதான். நாம் பார்க்க வேண்டியது வெளியே வரும் கரண்டின் கட்டம். அதில் நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் மட்டும் இருந்தால் டிசி. அலைக்கோடும் சேர்ந்து இருந்தால்தான் அலுமினியத்துக்கு ஆகும். உண்மையான ஏசி/டிசி மெஷினின் முகப்பிலேயே ஏசிக்கும் டிசிக்கும் மாற்றும் சுவிட்ச் இருக்கும், பெரும்பாலும் சுத்தம் செய்யும் நேரத்தையும் உருக்கும் நேரத்தையும் கூட்டிக் குறைக்கும் ஏசி பேலன்ஸ் திருகும் இருக்கும். விலையும் டிசி மெஷினைப் போல இரண்டு மூன்று மடங்கு. ‘எச்எஃப்’ என்று எழுதியிருப்பதை ஏசி என்று விற்பவர்களும் உண்டு. அது தொடாமல் ஆர்க் பிடிக்கும் வசதி, அவ்வளவுதான்.

சரி, ராடுக்கு வருகிறேன். ஒரு கட்டு ராடை ‘அலுமினியம் ராடு’ என்று சொல்லிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லை, நம்பர் இல்லை. ஆர்க்கில் காட்டியதும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. சுற்றிலும் பஞ்சு போல வெள்ளைத் தூள் படிந்தது. அன்று இரவு குளிரும் காய்ச்சலும், நெஞ்சில் ஒரு இறுக்கம், வாயில் உலோகச் சுவை. வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

கோவை கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணனிடம் அந்த ராடைக் கொடுத்தேன். கையில் வாங்கிய உடனே, “என்ன தம்பி, இவ்வளவு கனக்குது? இது அலுமினியமே இல்லை” என்றார். துத்தநாகம் கலந்த பிரேசிங் ராடு அது. கேஸ் டார்ச்சில் 400 டிகிரிக்குப் பக்கத்தில் இளக்கி ஒட்டுவதற்கானது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், ஆர்க்கின் சூடு அதற்கு எவ்வளவோ மேல். அந்த ஆவியைச் சுவாசித்தால் இப்படிக் காய்ச்சல் வரும் என்பது வெல்டர்கள் எல்லோரும் அறிந்தது. வெல்டிங் சாமான் விற்கும் கடைக்கு மட்டும் அது தெரியாமல் இருக்குமா?

அண்ணன் காட்டிய சரியான டிக் ராடில் முனையிலேயே நம்பர் அச்சடித்திருந்தது. வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் இரண்டே நம்பர்தான். ஈஆர் 4043 என்பது ஏறத்தாழ 5 சதவீதம் சிலிக்கான் கலந்தது. நன்றாக ஓடும், விரிசல் விடுவது குறைவு. என் என்ஜின் கவர் போன்ற வார்ப்புக்கும் 6063 செக்‌ஷனுக்கும் இதுவே போதும். ஈஆர் 5356-இல் 5 சதவீதம் மெக்னீசியம். பலம் அதிகம், ஆனோடைஸ் செய்தால், அதாவது மேலே ஆக்ஸைடு படலம் ஏற்றினால், நிறமும் ஒத்துப்போகும். 4043 வைத்த இடம் ஆனோடைஸில் கரும்சாம்பலாகத் தெரியும். ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் பாகத்துக்கு 5356 ஆகாது, என்ஜின் கவருக்கு அதை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நம்பர் இல்லாத உதிரி ராடு எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

மெஷினைத் திரும்ப எடுக்கச் சொன்னதும் கடைக்காரர் அடுத்த வலையை வீசினார்: கேஸே தேவைப்படாத மிக் மெஷின் (கம்பி தானாக ஓடிவந்து உருகும் வகை), அதில் அலுமினியக் கம்பி மாட்டினால் போதுமாம். அதுவும் பொய். மிக்கில் அலுமினியத்துக்குச் சுத்த ஆர்கான் வேண்டும், இரும்புக்குப் போடும் சிஓ2 கலவைகூட ஆகாது. கம்பி மெத்தென்று இருப்பதால் யு வடிவப் பள்ளம் உள்ள ரோலரும் கம்பி ஓடும் குழாய்க்குள் டெஃப்ளான் லைனரும் வேண்டும். இல்லையென்றால் கம்பி ரோலரிலேயே சிக்கிக்கொள்ளும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரத்தையோ பயனையோ பற்றிப் பொய் சொல்லி விற்பதே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, அந்த வாய்ஸ் மெசேஜையும் பில்லையும் சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் மெஷினை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

ராடுக்குப் பணம் இன்னும் வரவில்லை. பில்லில் அதை ‘ஸ்பேர்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்ததால் மறுக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது மெஷினின் மாடல் எண், ‘ஏசி/டிசி’ என்ற சொல், ராடின் நம்பர் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் துண்டையே எடுத்துப் போய், கடையிலேயே ஒரு வெல்டிங் தையல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கே வாங்காதீர்கள்.