செரிப்ரோலைசினா, சிட்டிகோலினா? பன்னி மூளை ஊசியும் அதோட பங்காளிங்களும்

ஸ்ட்ரோக் வந்து வீட்ல ஒருத்தர் பெட்ல கிடக்கும்போது சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு யார் பாக்குறா, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துருவோம். எங்க பெரியப்பாவுக்கும் அப்படித்தான். தினம் மூணு ஆம்ப்யூல், ஒண்ணு 10 மில்லி, பழுப்புக் கண்ணாடி, உடைச்சா உள்ள தேன் கலர்ல மருந்து, அதை சலைன்ல கலந்து சொட்டு சொட்டா ஏத்துனாங்க. மூணாம் நாள் ராத்திரி தூக்கம் வராம டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருந்த பேப்பரைப் பிரிச்சுப் படிச்சா, பன்னி மூளைல இருந்து எடுத்ததுன்னு போட்டிருக்கு. பெரியப்பா முட்டை கூட தொடாதவர். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நானும் இன்னிக்கு வரை அவர்கிட்ட சொல்லல.

அதான் செரிப்ரோலைசின். ஆஸ்திரியாவுல 'எவர்' (EVER)னு ஒரு கம்பெனியோட தயாரிப்பு. பன்னி மூளைப் புரோட்டீனை என்சைம் போட்டு பொடிப்பொடியா உடைச்சு வர்ற குட்டி பெப்டைடுங்களும் அமினோ ஆசிட்டும்தான் சரக்கு. நரம்பு செல்லை வளத்து விடுற சத்து நம்ம மூளையே சுரக்கும்ல, இது அதே மாதிரி வேலை செய்யுதுன்னு கணக்கு. ரஷ்யா, சீனால சகஜமா ஏத்துறாங்க, நம்ம ஊர்லயும் கிடைக்குது, அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏகிட்ட அனுமதி கிடையாது.

சரி வேலை செய்யுதா? இங்கதான் குழப்பம். 2012ல வந்த காஸ்டா ஆய்வு, ஆசியாவுல 1070 பேர், தினம் 30 மில்லி, பத்து நாள். 90 நாள் கழிச்சுப் பாத்தா மருந்து போட்டவங்களுக்கும் சும்மா சலைன் ஏத்துனவங்களுக்கும் மொத்தத்துல வித்தியாசம் இல்ல, ரொம்ப மோசமான ஸ்ட்ரோக் வந்தவங்க மட்டும் கொஞ்சம் தேவலாம்னு தெரிஞ்சுது. அப்புறம் 2016ல கார்ஸ், 208 பேர்தான், 21 நாள் போட்டாங்க, கை அசைவு நல்லா திரும்புச்சு. ஆனா அதுல ரெண்டு குரூப்புக்கும் முறையா பயிற்சியும் சேத்து குடுத்தாங்க, அதை நம்ம ஆளுங்க மறந்துடுறாங்க. 2020ல காக்ரேன்காரங்க, அதாவது பல ஆய்வுகளைச் சேத்து அலசுற குழு, 7 ஆய்வு, 1601 பேர் கணக்கை ஒண்ணா வச்சுப் பாத்துட்டு சாவைக் குறைக்கிற மாதிரி தெரியல, உயிர் போகாத சீரியஸ் பக்கவிளைவு கூடலாம்னுட்டாங்க. வலிப்பு இருக்கவங்களுக்கும் கிட்னி ரொம்ப மோசமா இருக்கவங்களுக்கும் இதைப் போடக்கூடாது, இது டப்பா பேப்பர்லயே இருக்கு.

சிட்டிகோலின் மிருகச் சரக்கு இல்ல, நம்ம உடம்பே உண்டாக்குற பொருள்தான், செல்லைச் சுத்தி இருக்குற சவ்வைக் கட்ட உதவும். ஊசியும் உண்டு மாத்திரையும் உண்டு, அதனால வீட்டுக்கு வந்தும் தொடரலாம். பெரிய பரீட்சை 2012ல இக்டஸ், 2298 பேர், ஐரோப்பாவுல. முதல் மூணு நாள் ஊசி, அப்புறம் மாத்திரை, ஆறு வாரம். பிரயோஜனம் இல்லன்னு பாதிலயே நிறுத்திட்டாங்க. ஆக இதுவும் பெயில்தான், ஆனா கைல அத்தனை நாள் ஊசி குத்தாம, பன்னி கேள்வி வராம, சாதுவா பெயில்.

கார்டெக்ஸின் ரஷ்யாக்காரங்க சரக்கு, இளம் மாடு, பன்னியோட மூளை மேல்பகுதில இருந்து எடுத்த பவுடர், கலந்து சதைல போடுவாங்க. ஆய்வெல்லாம் பெரும்பாலும் ரஷ்யாவுக்குள்ளயே, அதுக்கு மேல நான் அதைப் பத்தி பேசத் தயாரா இல்ல.

ஆக்டோவெஜின் கன்னுக்குட்டி ரத்தத்துல புரோட்டீனை நீக்கி எடுக்குறது. 2017ல ஆர்டெமிடா, 503 பேர். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வர்ற மறதிக்கு ஆறு மாசத்துல கொஞ்சம் முன்னேற்றம் காட்டுச்சு, ஆனா திரும்ப ஸ்ட்ரோக் வந்தவங்க மருந்து பக்கம்தான் சற்று கூட. அது தற்செயலாவும் இருக்கலாம், ஆனா எனக்கு நெருடுது.

என்கிட்ட கேட்டா இந்த நாலுல ஒண்ணுக்கும் நகையை அடகு வைக்க மாட்டேன். டாக்டர் போட்டே ஆகணும்னா சிட்டிகோலின், இல்ல கடுமையான ஸ்ட்ரோக்னா செரிப்ரோலைசினைப் பத்தி உக்காந்து பேசலாம், பன்னி விஷயத்தை நோயாளிகிட்ட முதல்லயே சொல்லிட்டு. இதெல்லாம் மூளைல அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு மாத்து இல்ல, அதுக்கு நாலரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயிருக்கணும், நாங்க போனப்ப ஏழு மணி நேரம் ஆகியிருந்துச்சு. பெரியப்பா இப்போ இடது கையால டம்ளர் புடிக்கிறார். ஊசியாலயா, தினம் காலைல வந்து விரல் விரலா மடக்கி நீட்டி விடுற பிசியோ அக்காவாலயான்னா, பெரியம்மா அக்கா கட்சி.